மண்டையை பிளக்கும் வெயிலுக்கு நடுவே 'ஜில்' கோடை மழை: எங்கே பெய்யும், எப்போ பெய்யும்? முழு விவரம்

பங்குனி பிறந்தாலே வெயில் சுள்ளென்று அடிக்க தொடங்கி விடுகிறது. காலை 9 மணிக்கே ரோட்டில் நடக்க முடியவில்லை. மதியம் பஸ்சில் கம்பியை பிடித்தால் கை சுடுகிறது. மோர், நுங்கு, தர்பூசணி கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. இந்த நேரத்தில் பேப்பரை பிரித்ததும் எல்லோரும் தேடுவது ஒரே ஒரு செய்தியைத்தான். மழை வருமா, வராதா?

"தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்ய வாய்ப்பு உள்ளது" என்று வானிலை ஆய்வு மையம் சொல்லும். படித்து விட்டு வானத்தை பார்த்தால் நம்ம தெருவில் ஒரு சொட்டு இருக்காது. பக்கத்து ஊரில் கொட்டி தீர்த்து இருக்கும். "சும்மா சொல்றாங்கப்பா" என்று சலித்து கொள்கிறோம்.

ஆனால் அந்த ஒரு வரியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால் களத்தில் கிடக்கும் நெல்லை மூடுவதா, மேய்ச்சலுக்கு போன ஆட்டை ஓட்டி வருவதா, சூளையில் கல் அறுப்பதா வேண்டாமா என்று முடிவு எடுக்க முடியும். சில நேரம் உயிரையே காப்பாற்றி கொள்ளலாம்.

கோடை மழை எது?

வானிலை துறை கணக்குப்படி ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை.

இதில் மார்ச், ஏப்ரல், மே ஆகிய 3 மாதத்தில் பெய்வதுதான் கோடை மழை. தமிழகத்துக்கு ஆண்டு முழுக்க சராசரியாக 92 செ.மீ. மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு கொஞ்சம் குறைவாக, அதாவது சுமார் 44 செ.மீ. வடகிழக்கு பருவமழையில் கிடைத்து விடும். கோடை மழையின் பங்கு சுமார் 12 செ.மீ. மட்டும்தான். மார்ச்சில் எட்டி பார்க்கும். ஏப்ரலில் கொஞ்சம் கூடும். மே மாதம்தான் அதிகம் பெய்யும்.

அளவு கம்மிதான். ஆனால் வேண்டிய நேரத்தில் வருவதால் மவுசு ஜாஸ்தி.

வெயில்தான் மழையை கொண்டு வருகிறது

கோடை மழைக்கு காரணமே வெயில்தான் என்றால் ஆச்சரியமாக இருக்கும். வானிலை அறிக்கையில் 'வெப்பச்சலனம்' என்று வருமே, அது இதுதான்.

காலையில் இருந்து வெயில் தரையை சுட வைக்கிறது. தரை சூடானதும் அதை ஒட்டி இருக்கும் காற்றும் சூடாகி மேலே எழும்புகிறது. அந்த காற்றில் கடலில் இருந்து வந்த ஈரம் இருந்தால், மேலே போக போக குளிர்ந்து மேகமாகிறது. சில மேகங்கள் 12 முதல் 15 கி.மீ. உயரம் வரை வளரும். விமானம் பறக்கும் உயரத்தையே தாண்டி விடும்.

வங்கக்கடலில் இருந்து வரும் கிழக்கு காற்றும், மேற்கு பக்கம் இருந்து வரும் காற்றும் சந்திக்கிற இடத்தில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். இதைத்தான் 'காற்று திசை மாறுபாடு' என்கிறார்கள். மேலே காற்று சுழன்றால் 'வளிமண்டல மேலடுக்கு சுழற்சி'. இந்த இரண்டு வார்த்தையும் அறிக்கையில் வந்தால் மழைக்கு வாய்ப்பு கூடுதல் என்று எடுத்து கொள்ளலாம்.

இப்படி உருவாகும் ஒரு மேகத்தின் ஆயுள் அரை மணி நேரம், மிஞ்சி போனால் ஒரு மணி நேரம். அகலம் சில கி.மீ. மட்டுமே. அதனால்தான் ஒரு ஊரில் கொட்டும்போது அடுத்த ஊரில் வெயில் அடிக்கிறது. 'மாட்டு கொம்பில் ஒன்று நனைந்து ஒன்று காய்ந்தது' என்று பெரியவர்கள் சொல்வது இந்த மழையைத்தான்.

மேகம் ரொம்ப உயரம் போனால் அங்கே தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆகும். காற்று அதை மேலேயும் கீழேயும் தூக்கி போட, கட்டி பெருசாகி, கனம் தாங்காமல் விழும். அதுதான் ஆலங்கட்டி மழை. வெயில் கொளுத்தும் மாதத்தில் ஐஸ் கட்டி விழுவதன் ரகசியம் இதுதான்.

எந்த ஊருக்கு 'லக்'?

கோடை மழையில் முதலில் நனைவது மலையும், மலையை ஒட்டிய ஊர்களும்தான். நீலகிரி, கோவை, திருப்பூர், ஈரோடு, தேனி, திண்டுக்கல், தென்காசி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் மழை நாட்கள் அதிகம் இருக்கும். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் ஏற்காடு மலை, ஓசூர் பகுதிகளில் நல்ல மழை கிடைக்கும்.

கடற்கரை ஊர்களுக்கு இந்த 'லக்' குறைவு. சென்னை, கடலூர், நாகை, ராமநாதபுரம், தூத்துக்குடியில் மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்து விடும். அது தரையை கொஞ்சம் ஆற்றி விடுவதால் மேகம் வளர்வது குறைவு. கடல் காற்று வந்தால் வெயில் ஏறுவது நிற்கும். வர லேட்டானால் அன்றைக்கு வெயில் எகிறும். சென்னைவாசிகளுக்கு கோடையில் உண்மையான 'ஏ.சி.' மழை இல்லை, கடல் காற்றுதான்.

சென்னைக்கு கோடையில் இடி மழை வந்தால் பெரும்பாலும் மேற்கே இருந்துதான் வரும். சாயங்காலம் திருவள்ளூர், வேலூர் பக்கம் மின்னல் வெட்டினால் ராத்திரி நம்ம பக்கம் வர வாய்ப்பு உண்டு.

நேரம்? மதியம் 2 மணிக்கு மேல் ராத்திரி வரைக்கும்தான் இந்த மழையின் 'டூட்டி டைம்'. காலையில் வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாந்து விடக்கூடாது.

'ஓரிரு இடம்' என்றால் எத்தனை இடம்?

இங்கேதான் எல்லோருக்கும் குழப்பம். ஒரு பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் எத்தனை சதவீதத்தில் மழை பெய்யும் என்பதை வைத்து இந்த வார்த்தைகளை பயன்படுத்துகிறார்கள்.

* ஓரிரு இடங்களில்: 25 சதவீதம் வரை
* ஒரு சில இடங்களில்: 26 முதல் 50 சதவீதம்
* பல இடங்களில்: 51 முதல் 75 சதவீதம்
* பெரும்பாலான இடங்களில்: 76 சதவீதத்துக்கு மேல்

அதாவது 'ஓரிரு இடங்களில் மழை' என்றால் 4 ஊரில் 3 ஊருக்கு மழை இல்லை என்றே அர்த்தம். நம்ம ஊரில் பெய்யவில்லை என்பதற்காக சொன்னது பொய் ஆகி விடாது. அதே நேரம் அந்த நாலில் ஒரு ஊர் நம்ம ஊராகவும் இருக்கலாம். அதனால் களத்தில் தார்ப்பாய் தயாராக இருப்பது நல்லது.

கனமழை என்றால் எவ்வளவு?

ஒரு நாள் மழை என்பது காலை 8.30 மணியில் இருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்வது.

* லேசான மழை: ஒன்றரை செ.மீ. வரை
* மிதமான மழை: அதற்கு மேல் 6 செ.மீ. வரை
* கனமழை: 7 முதல் 11 செ.மீ.
* மிக கனமழை: 12 முதல் 20 செ.மீ.
* அதி கனமழை: 20 செ.மீ.க்கு மேல்

கலர் எச்சரிக்கையும் உண்டு. பச்சை என்றால் பயம் இல்லை. மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு.

100 டிகிரி கணக்கு

"வெயில் சதம் அடித்தது" என்று செய்தியில் போடுவது பாரன்ஹீட் கணக்கு. வானிலை மையம் செல்சியசில் சொல்லும். 100 டிகிரி பாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். 104 என்றால் 40. 108 என்றால் 42-ஐ தாண்டுகிறது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003-ம் ஆண்டு மே 31-ந்தேதி 45 டிகிரி செல்சியஸ், அதாவது 113 டிகிரி வெயில் பதிவானது. நகரையே வறுத்து எடுத்த நாள் அது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஈரோட்டில் 42 டிகிரி செல்சியசை தாண்டியது. குளு குளு ஊட்டியிலேயே 29 டிகிரி செல்சியஸ் பதிவாகி சுற்றுலா வந்தவர்கள் விசிறி தேடினார்கள்.

மழை பெய்தால் இது எவ்வளவு இறங்கும்? நல்ல இடி மழை வந்தால் சில நிமிடத்திலேயே 5 டிகிரிக்கு மேல் குறைந்து விடும். மழைக்கு முன்னாடியே மண் வாசனையோடு ஒரு ஜில் காற்று வருமே, அது மேகத்துக்குள் இருந்து மழை கீழே இழுத்து வரும் குளிர் காற்று. தரையில் மோதி நாலா பக்கமும் பரவுகிறது. அது வந்தால் மழை பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் சும்மா நாலு தூறல் போட்டு விட்டு போனால் வம்புதான். சூடான தரையில் விழுந்த தண்ணீர் ஆவியாகி காற்றில் ஈரம் கூடும். வேர்வை காயாது. புழுக்கம் தாங்காது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமும் மழையும் இருந்தால்தான் உண்மையில் குளிர்ச்சி கிடைக்கும்.

கத்திரியிலும் மழை வரும்

மே 4-ந்தேதி தொடங்கி 28-ந்தேதி வரை அக்னி நட்சத்திரம். கத்திரி வெயில் என்றால் எல்லோருக்கும் நடுக்கம். ஆனால் இது பஞ்சாங்க கணக்கு. வானிலை துறையில் அப்படி ஒரு காலம் கிடையாது. கத்திரி தொடங்கும் முன்பே வெயில் உச்சம் தொட்ட வருடமும் உண்டு. கத்திரி முடிந்த பிறகு கொளுத்திய வருடமும் உண்டு. மேலே சொன்ன 2003 மே 31 அதற்கு சாட்சி.

2025-ம் ஆண்டு கத்திரி முடிவதற்குள்ளேயே, மே 24-ந்தேதி கேரளாவில் தென்மேற்கு பருவமழை தொடங்கி விட்டது. வழக்கமாக ஜூன் 1-ந்தேதிதான் தொடங்கும்.

புயல் வந்தால் வரமா, சாபமா?

மே மாதம் வங்கக்கடலில் புயல் உருவாவது உண்டு. அது எந்த பக்கம் போகிறது என்பதில்தான் நம்ம தலையெழுத்து இருக்கிறது. 2010 மே மாதம் வந்த 'லைலா' புயலும், 2016 மே மாதம் வந்த 'ரோனு' புயலும் கரையை ஒட்டி போனதால் சென்னைக்கு கத்திரியில் மழை கொடுத்தன.

2019-ல் 'பானி' புயல் வரும், தண்ணீர் கஷ்டம் தீரும் என்று சென்னை ஆவலோடு காத்து கிடந்தது. அது ஒடிசா பக்கம் திரும்பி மே 3-ந்தேதி பூரி அருகே கரையை கடந்தது. அந்த கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்கு பின்னால் ஓடியதை யாரும் மறக்க முடியாது.

யாருக்கு சந்தோஷம், யாருக்கு கண்ணீர்?

கோடை மழை எல்லோருக்கும் இனிப்பு இல்லை.

மானாவாரி விவசாயிக்கு இது வரம். 'சித்திரை மாதத்து உழவு பத்தரை மாற்று தங்கம்' என்பார்கள். மழை பெய்த ஈரத்தில் கோடை உழவு ஓட்டினால் களை சாகும், மண்ணில் பதுங்கிய பூச்சியும் கூட்டுப்புழுவும் வெயிலில் காயும், அடுத்த மழை நீர் நிலத்துக்குள் இறங்கும். ஏற்காடு, கொடைக்கானல் மலை காபி தோட்டங்களுக்கு மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை கட்டாயம் வேண்டும். அந்த மழை பெய்து 10 நாள் வாக்கில்தான் காபி பூ மலரும்.

வாழை விவசாயிக்கு மழையை விட காற்று பயம். அறிக்கையில் 'மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று' என்று வந்தால் அவருக்கு தூக்கம் போய் விடும். குலை தள்ளிய வாழை அரை மணி நேர காற்றில் சாய்ந்து விடும். ஒரு வருட உழைப்பு, வாங்கிய கடன் எல்லாம் தரையில். மா விவசாயிக்கும் இதே கதி. காய் உதிர்ந்தால் கிடைத்த விலைக்கு தள்ள வேண்டியதுதான்.

நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவியல் போட்டு காத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ஒரு ராத்திரி மழையில் நனைந்தால் மறுபடி காய வைக்க வேண்டும். முளை விட்டால் போச்சு.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளத்தில் விளைந்த உப்பு ஒரே மழையில் கரையும். பாத்தியை மறுபடி தயார் பண்ணும் வரை வாருகிற வேலை இல்லை. செங்கல் சூளையில் அறுத்து காய வைத்த பச்சை கல் மழையில் கூழாகி விடும். கல் கணக்குக்கு கூலி வாங்குபவர்களுக்கு அன்றைய உழைப்பு மண்ணோடு மண்.

பயிர் சேதம் ஆனால் சும்மா இருக்கக்கூடாது. உடனே கிராம நிர்வாக அலுவலருக்கும், வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும். செல்போனில் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் அரசு நிவாரண கணக்கில் வரும். பயிர் காப்பீடு செய்து இருந்தால் ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

மின்னல்... உஷார்!

கோடை மழையில் ஆளை கொல்வது மழை இல்லை, மின்னல். இந்தியாவில் ஆண்டுக்கு 2 ஆயிரம் பேருக்கு மேல் மின்னலுக்கு பலியாகிறார்கள். வயலில் வேலை செய்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள்தான் இதில் அதிகம்.

மின்னல் வெட்டியதும் 1, 2, 3 என்று எண்ணுங்கள். இடி சத்தம் கேட்க 3 வினாடி ஆனால் மின்னல் 1 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. 30 வினாடிக்குள் இடி கேட்டாலே நீங்கள் ஆபத்தான எல்லைக்குள் இருக்கிறீர்கள். உடனே கட்டிடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துதான் வெளியே வர வேண்டும்.

* தனி மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.
* ஏரி, குளம், கிணற்றில் குளித்து கொண்டு இருந்தால் உடனே கரை ஏற வேண்டும்.
* மின்கம்பம், கம்பி வேலி, டிராக்டர் பக்கம் நிற்கக்கூடாது.
* மூடிய கார், பஸ்சுக்குள் இருந்தால் இறங்க வேண்டாம்.
* ஒதுங்க இடமே இல்லை என்றால் இரண்டு காலையும் சேர்த்து வைத்து குத்த வைத்து உட்கார வேண்டும். தரையில் படுக்கக்கூடாது.
* வீட்டில் சார்ஜரில் போட்ட செல்போனில் பேச வேண்டாம். டி.வி. பிளக்கை கழற்றி விடுங்கள்.

மின்னல் தாக்கியவரை தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்து பலர் ஒதுங்கி விடுகிறார்கள். அது தவறு. அவர் உடம்பில் மின்சாரம் இருக்காது. மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்து கொண்டே 108-க்கு போன் போட வேண்டும்.

காற்றில் மின்கம்பி அறுந்து கிடந்தால் கதையே வேறு. கிட்டேயே போகாதீர்கள், யாரையும் போக விடாதீர்கள். மின்னகம் எண் 94987 94987-க்கு சொல்லுங்கள்.

அருவியில் ஆட்டம் வேண்டாம்

வெயிலுக்கு அருவியில் குளிக்க போவோர் இதை கட்டாயம் படிக்க வேண்டும். 2024-ம் ஆண்டு மே 17-ந்தேதி பழைய குற்றாலம் அருவியில் ஜனங்கள் குளித்து கொண்டு இருந்தபோது திடீரென்று காட்டு வெள்ளம் பாய்ந்தது. எல்லோரும் அலறி அடித்து ஓட, 17 வயது மாணவன் வெள்ளத்தில் அடித்து செல்லப்பட்டு பலியானான். விடுமுறையை கொண்டாட வந்த குடும்பம் அழுது கொண்டு ஊர் திரும்பியது.

கீழே வெயில் அடித்தாலும் மலை மேலே மழை கொட்டி இருக்கலாம். தண்ணீர் கலங்கினாலோ, இலை, குச்சி அடித்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ ஒரு நொடி கூட நிற்காமல் வெளியே வந்து விடுங்கள். போலீசார் தடை போட்டால் கெஞ்சி நிற்காதீர்கள்.

62 குடம் தண்ணீர் இலவசம்

ஒரு செ.மீ. மழைதானே என்று அலட்சியம் வேண்டாம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்துக்கு 62 குடம். முதல் மழையில் தூசி போகட்டும் என்று விட்டு விட்டு, அடுத்த மழையை தொட்டியில் பிடிக்கலாம், கிணற்றில் இறக்கலாம். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003-ல் கட்டாயம் ஆக்கப்பட்டது. பல வீடுகளில் அந்த பைப் அடைத்து கிடக்கிறது. மழைக்கு முன்பே குத்தி விடுங்கள்.

மழை நின்றதும் டயர், தேங்காய் சிரட்டை, பூந்தொட்டி தட்டில் தேங்கிய தண்ணீரை கொட்டி விட வேண்டும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். பத்து நாள் விட்டால் பறக்க தொடங்கி விடும்.

எப்படி தெரிந்து கொள்வது?

கோடை மூன்று மாதமும் எப்படி இருக்கும் என்று வானிலை துறை பிப்ரவரி கடைசியிலேயே சொல்லி விடும். வியாழக்கிழமை தோறும் அடுத்த சில வாரங்களுக்கான கணிப்பு வரும். ஆனால் இடி மழை எந்த ஊரில் கொட்டும் என்று முதல் நாளே அடித்து சொல்ல முடியாது. ரேடாரில் மேகத்தை பார்த்து அடுத்த 3 மணி நேரத்துக்கு தரும் எச்சரிக்கைதான் இதற்கு சரி. "இன்னும் 3 மணி நேரத்தில் இந்த மாவட்டங்களில் மழை" என்று டி.வி.யில் ஓடுவது அதுதான். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' என்ற செயலியை செல்போனில் இலவசமாக போட்டு கொள்ளலாம்.

அவசர உதவிக்கு மாநில கட்டுப்பாட்டு அறை எண் 1070. மாவட்ட கட்டுப்பாட்டு அறை எண் 1077. இந்த இரண்டையும் செல்போனில் பதிந்து வையுங்கள்.

மதியம் வரை மண்டை காய்ந்து, சாயங்காலம் மேற்கே இருட்டி, ஜில் காற்று அடித்தால் சந்தோஷப்படுங்கள். அதோடு களத்து நெல்லுக்கு தார்ப்பாய் போட்டாச்சா, ஆடு மாடு வீடு வந்தாச்சா, பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்களா என்று ஒரு முறை பார்த்து விடுங்கள். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து நிம்மதியாக மழையை ரசிக்கலாம்.